18 வயதுக்குட்பட்ட பிள்ளையின் சமயத்தை யார் தீர்மானிப்பது? மலேசியச் சட்டம் குறித்த கேள்வி பதில்

கேள்வி (கிள்ளான் வாசகர்): ஐயா, என் மகளுக்கு 17 வயது. இஸ்லாத்தைத் தழுவப் போவதாகச் சொல்கிறாள். என் சம்மதமில்லாமல் அவளால் முடியுமா?

பதில்: அரசியலமைப்புப்படி முடியாது. 18 வயது நிறையாதவரின் சமயத்தைப் பெற்றோரோ பாதுகாவலரோ தீர்மானிப்பர் என்று 12(4)ஆம் விதி கூறுகிறது. கிளந்தானில் 1985இல் ஒரு பௌத்தக் குடும்பத்தின் 17 வயது மகள் இஸ்லாத்தைத் தழுவியபோது, தந்தை பாசிர் மாஸ் காதியை (இஸ்லாமிய சமய அதிகாரியை) எதிர்த்து வழக்குத் தொடுத்தார். சுயவிருப்பத்தோடு தேர்ந்துகொள்ளும் உரிமை அப்பெண்ணுக்கு உண்டு என்றது உயர் நீதிமன்றம். 1990இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்காமல், அந்த உரிமை பெற்றோருடையதே என்று தீர்ப்பளித்தது.

கேள்வி: அப்படியென்றால் தந்தை வென்றார் அல்லவா?

பதில்: கொள்கையளவில் மட்டுமே. தீர்ப்பு வருவதற்குள் மகள் 18 வயதைக் கடந்துவிட்டதால், தந்தை கேட்ட ஆணையைப் பிறப்பிப்பதில் பயனில்லை என்று நீதிமன்றம் கருதியது.

கேள்வி (ஈப்போ வாசகி): கணவர் தம் பிள்ளைகளை மதம் மாற்றியதை எதிர்த்துப் போராடிய நம் நாட்டு இந்திரா காந்தி அம்மாவின் வழக்கும் இதே போன்றதுதானா?

பதில்: இல்லை அம்மா, அங்கே பிள்ளைகள் எதையும் தேர்ந்துகொள்ளவில்லை. 2009இல் இஸ்லாத்தைத் தழுவிய கணவர், தாய்க்குத் தெரியாமலே மூன்று பிள்ளைகளுக்கும் மதமாற்றச் சான்றிதழ் பெற்றார். மூத்தவர்கள் இருவரும் விவரம் தெரிந்த வயதினர். கடைசிக் குழந்தைக்கு 11 மாதம். பேராக் மாநிலச் சட்டப்படி மதம் மாறுபவர் தம் வாயால் கலிமா (இஸ்லாமிய நம்பிக்கை உறுதிமொழி) சொல்ல வேண்டும். அப்பிள்ளைகளோ மதமாற்றம் பதிவான இடத்துக்கே செல்லவில்லை. 2018 ஜனவரி 29 அன்று கூட்டரசு நீதிமன்றம் (முன்பு உச்ச நீதிமன்றம் எனப்பட்ட நாட்டின் உயரிய நீதிமன்றம்), தாய் தந்தை இருவரும் உயிரோடிருக்கையில் இருவரின் சம்மதமும் தேவை என்று கூறிச் சான்றிதழ்களை ரத்து செய்தது. அந்தத் தாய் அதற்காக ஒன்பது ஆண்டுகள் நீதிமன்றப் படியேறினார் என்பதை நம் சமூகம் மறக்கக் கூடாது.

கேள்வி: பிள்ளையின் விருப்பத்துக்கு மதிப்பே கிடையாதா?

பதில்: என்னை வருத்துவதும் இதுதான். பிள்ளை யாரிடம் வளர்வது என்ற பராமரிப்பு வழக்கில், சுயமாகக் கருத்துச் சொல்லும் வயதுடைய பிள்ளையின் விருப்பத்தையும் நீதிமன்றம் கருத வேண்டும் என்று 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் சொல்கிறது. சமயத்தைத் தேர்வதில் அத்தகைய இடத்தை 12(4)ஆம் விதி அளிக்கவில்லை. யாரோடு வாழ்வது என்பதில் 16 வயதுப் பிள்ளையின் சொல்லுக்கு எடை தரும் சட்டம், யாரை வணங்குவது என்பதில் அச்சொல்லை அறவே ஒதுக்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஜெர்மனியின் 1921ஆம் ஆண்டுச் சட்டம், 12 வயதான பிள்ளையை அதன் விருப்பத்துக்கு மாறாக வேறு சமயத்தில் வளர்க்கக் கூடாது என்று தடுத்து, 14 வயதில் முடிவெடுக்கும் உரிமையையே பிள்ளையிடம் ஒப்படைக்கிறது. இறுதி முடிவு பெற்றோரிடமே இருக்கட்டும் என்போர்கூட, நீதிபதி பிள்ளையைத் தனியாக அழைத்து விசாரிப்பதை எதிர்க்கக் காரணமில்லை.

கேள்வி (முதலில் கேட்ட கிள்ளான் வாசகர்): அவளுக்கு 18 ஆனதும் நான் என்ன செய்ய முடியும்?

பதில்: சட்டப்படி எதுவும் செய்ய இயலாது. ஆனால் ஒன்றை அவள் அறிந்திருக்க வேண்டும்: இஸ்லாத்தை ஏற்றபின் அதிலிருந்து விலக விரும்பினால் ஷரியா அதிகாரிகளிடமே செல்ல வேண்டும் என்று 2007இல் லீனா ஜாய் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் கூறிவிட்டது. மிரட்டலாக அல்லாமல், தகவலாக, இன்றே அவளிடம் இதைச் சொல்லுங்கள். அவள் தரப்புக் காரணங்களையும் முழுமையாகக் கேளுங்கள்.