மயக்கத்தில் எடுத்த கண் அழுத்தம்: குழந்தைகளின் கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) பற்றி உங்கள் கேள்விகள்

நகரி: இரண்டு வயது மகளுக்கு விழித்திருந்தபோது அழுத்தம் 26. மயக்கம் கொடுத்துப் பார்த்தால் 13. எது சரி?

இரண்டையும் அப்படியே நம்ப வேண்டாம் அம்மா. அழுது, இமையை இறுக்கும் குழந்தைக்குக் கூடுதலாகக் காட்டும். செவோஃப்ளூரேன் என்ற மயக்க வாயுவில் தூங்கினால் குறைவாகக் காட்டும், மயக்கம் ஆழமானால் இன்னும் இறங்கும். அதனால்தான் தூங்கியவுடனே, மூச்சுக்கான குழாய் போடுமுன் அளக்க வேண்டும் என்கிறேன். எண்ணோடு கருவிழியின் அகலம், பார்வை நரம்பின் குழிவு இரண்டையும் கேளுங்கள்.

சித்தூர்: கேட்டமைன் என்ற மயக்க ஊசி போட்டால் அழுத்தம் ஏறுமாமே?

கொஞ்சம் ஏறலாம், ஏறாமலும் போகலாம். வாயு மருந்துகள் போல இறக்காது.

குப்பம்: மகனுக்கு ஜனவரியில் 11, ஜூலையில் 19. சொட்டு மருந்து வேலை செய்யவில்லையா? சீட்டுகளின் போட்டோ அனுப்பியிருக்கிறேன்.

பார்த்தேன். இரண்டிலும் எண் மட்டும்தான் இருக்கிறது. எந்த மருந்தில் தூங்கவைத்தார்கள், எத்தனை நிமிடம் கழித்து அளந்தார்கள், அளந்த கருவி பெர்கின்ஸா, ஐகேரா, குழாய்க்கு முன்பா பின்பா, ஒரு வரி கிடையாது. பல வருடமாக இதைத்தான் கத்திக்கொண்டிருக்கிறேன். குழாய் போடும்போது அழுத்தம் எகிறும். தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் ஊசி, இருப்பதைவிட 8 வரை கூட்டிச் சில நிமிடம் அப்படியே வைத்திருக்கும். இமையை விரித்துப் பிடிக்கும் கம்பி கூட ஏற்றும். ஆக, உங்கள் பையனின் 8 வித்தியாசம் நோயாகவும் இருக்கலாம், அளந்த விதமாகவும் இருக்கலாம். இதை நம்பி ஆபரேஷன் வரை போகிறார்கள், இல்லையென்றால் தேவையான ஆபரேஷனைத் தள்ளிப்போடுகிறார்கள். எல்லைப் பக்கத்துக் குடும்பங்கள் ஒருமுறை திருப்பதி, அடுத்தமுறை வேலூர் என்று போகிறவர்கள். கூடப் போவது சீட்டு ஒன்றுதான். மயக்க மருத்துவரின் சார்ட்டில் மருந்தும் நேரமும் இருக்கும், அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதுவரை சொட்டு மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஊத்துக்கோட்டை: மயக்கமே இல்லாமல் பார்க்க முடியாதா?

ஐகேரில் பல குழந்தைகளுக்கு முடியும், மரத்துப்போகும் சொட்டு தேவையில்லை. கைக்குழந்தை பால் குடிக்கும்போது பார்ப்பது நல்லது.

சத்தியவேடு: காலையில் அழுதானென்று அரை டம்ளர் பால் கொடுத்தேன். அதற்காகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நியாயமா?

நியாயம்தான். மயக்கத்துக்கு முன் வயிறு காலியாக இருக்க வேண்டும்: மாட்டுப்பாலுக்கு 6 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4, தண்ணீருக்கு 2. மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. முன்பே சொல்லியனுப்பியிருப்பார்கள். கேட்காமல் இருந்துவிட்டு மருத்துவமனையைத் திட்டாதீர்கள்.

பள்ளிப்பட்டு: தாய்மாமனைக் கட்டியவள் நான். மூத்தவனுக்குப் பிறவி கிளாக்கோமா. அடுத்த குழந்தைக்கும் வருமா?

வரலாம். மேலை நாடுகளில் சுமார் 10,000 பிறப்புக்கு ஒன்று, ஆந்திராவில் சுமார் 3,300-க்கு ஒன்று. சொந்தத்தில் கட்டுவது முக்கியக் காரணம். கணவன், மனைவி இருவரிடமும் அந்த மரபணுக் கோளாறு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு. கர்ப்பத்துக்கு முன்பே மரபணு ஆலோசனை கேளுங்கள். பிறந்த வாரமே கண்ணைக் காட்டுங்கள். வெளிச்சத்தில் கூச்சம், ஓயாமல் நீர் வடிதல், கருவிழியில் மங்கல் தெரிந்தால் ஒருநாள் கூடக் காத்திருக்க வேண்டாம். கண் பெரிதாக அழகாக இருக்கிறது என்று பாட்டிமார் சொன்னாலும் காட்டுங்கள்.