மழைக்குட்டையின் தேவதை இறால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ‘ஃபேரி ஷ்ரிம்ப்’ முட்டை என்று சிறு பொட்டலம் ஒன்றை வாங்கி, கப்பி மீன்கள் இருக்கும் தொட்டியில் போட்டேன். போர்வெல் தண்ணீர்தான். பத்து நாளாகியும் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. முட்டை கெட்டுப்போனதா?
– வாசகி, விருதுநகர்

பதில்: முட்டையின் மீது பழி போடுவதற்கு முன், அது போய் விழுந்த இடத்தைப் பார்த்துவிடுவோம். பொரிந்து வரும் குஞ்சு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். அது பொரிந்திருந்தாலும், நீங்கள் காண்பதற்குள் கப்பிகள் விழுங்கியிருக்கும். ஃபேரி ஷ்ரிம்ப் என்னும் தேவதை இறால், மழையில் நிரம்பிக் கோடையில் வற்றிவிடும் குட்டைகளில் வாழும் உயிர். அதற்கு மேலோடு கிடையாது, கொடுக்கு கிடையாது, ஒளிந்துகொள்ளவும் தெரியாது. மீன் தங்க முடியாத தண்ணீரில் வாழ்வது ஒன்றே அதன் பாதுகாப்பு. ஆகவே மீன்களோடு சேர்த்து அதை வளர்க்க வழியே இல்லை. தனித் தொட்டி வேண்டும்.

அடுத்தது தண்ணீர். காய்ந்து கிடக்கும் முட்டைக்கு, ‘மழை பெய்துவிட்டது, எழுந்திரு’ என்று சொல்வது உப்புக் குறைந்த புதுத் தண்ணீர்தான். போர்வெல் நீரில் கரைந்த உப்புகள் மிகுதியாக இருந்தால், முட்டைகளில் பெரும்பாலானவை உறக்கம் கலையாமலே கிடந்துவிடும். மாடி ஓடுகளின் அழுக்கை முதல் மழை கழுவிச் சென்ற பிறகு பிடித்த மழைநீர் மிகச் சிறந்தது. அது இல்லையென்றால் ஆர்.ஓ. தண்ணீர் போதும். அகலமான கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு அல்லது மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் விட்டு, முட்டையைத் தூவி, நேர் வெயில் படாத ஆனால் நல்ல வெளிச்சமுள்ள ஜன்னலோரம் வையுங்கள். நம் ஊர் அறை வெப்பத்தில் ஒன்றிரண்டு நாளில் பொரியும். இருட்டியதும் பாத்திரத்தின் ஒரு பக்கத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். தூசு போன்ற வெண்புள்ளிகள் துள்ளித் துள்ளி ஒளியை நோக்கி வந்து கூடினால், அவைதாம் குஞ்சுகள்.

கேள்வி: மீன் பண்ணைகளில் குஞ்சு மீனுக்குக் கொடுக்கும் ஆர்ட்டீமியாவும் இதுவும் ஒன்றா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: ஒரே வரிசையைச் சேர்ந்த உறவினர்கள், ஆனால் ஆர்ட்டீமியா உப்பளத்து நீரில் வாழ்வது, தேவதை இறால் நன்னீரில் வாழ்வது. ஒன்றின் நீரில் மற்றதை வளர்க்க முடியாது.

கேள்வி: எங்கள் தொட்டியில் எல்லா இறால்களும் மல்லாந்தே நீந்துகின்றன. ஏதேனும் நோயா? என்ன உணவு கொடுக்க வேண்டும்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: நோயன்று, அதன் இயல்பே அதுதான். வயிற்றுப் புறத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பிக்கொண்டு நீந்தும். ஒரு லென்ஸை எடுத்துக்கொண்டு தொட்டியருகே ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். இலை போன்ற பதினொரு இணைக் கால்கள் வரிசையாக, வயலில் நெற்கதிர் காற்றுக்குச் சாய்வதுபோல் அலையலையாக அசையும். நீந்துவது, மூச்சு விடுவது, நீரிலிருந்து உணவை வடித்தெடுப்பது ஆகிய மூன்று வேலைகளையும் அந்தக் கால்களே செய்கின்றன. உடல் கண்ணாடிபோல் இருப்பதால், தின்ற பாசி குடலுக்குள் பச்சைக் கோடாக ஓடுவதும் தெரியும். காம்பின் நுனியில் கருங்கண்கள் இரண்டு. வால் கவடு சில இனங்களில் செம்மஞ்சளாக ஒளிரும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதை அவசியம் காட்டுங்கள்.

உணவு விஷயத்தில்தான் பெரும்பாலானோர் தவறு செய்கிறார்கள், நானும் தொடக்கத்தில் செய்தேன். அது ஓயாமல் வடித்து உண்ணும் உயிர் என்று கேள்விப்பட்டு, ஈஸ்ட் கரைசலைத் தாராளமாக ஊற்றினேன். மறுநாள் காலையில் நீர் பால்போல் கலங்கியிருந்தது, இறால்கள் எல்லாம் அடியில் கிடந்தன. மிஞ்சிய உணவில் பாக்டீரியா பெருகி, நீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகிறது. பச்சைத் தண்ணீர்தான் மிகவும் பாதுகாப்பான உணவு: பழைய மீன் தொட்டி நீரை ஒரு பாட்டிலில் ஊற்றி வெயிலில் வைத்தால் சில நாள்களில் பசுமையாகிவிடும். அது கிடைக்காதபோது, ஸ்பைருலினாப் பொடியைச் சிட்டிகையளவு நீரில் கரைத்துச் சில சொட்டுகள் விடலாம். தொட்டி நீர் இலேசாகக் கலங்கி, ஒரு நாளுக்குள் தெளிய வேண்டும். தெளியாவிட்டால் மறுவேளை உணவு வேண்டாம்.

மோட்டார் வைத்த வடிகட்டி இவற்றை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், மெல்லிய காற்றுக் குமிழிகளோ ஸ்பாஞ்ச் வடிகட்டியோ போதும். செம்பு கலந்த மீன் மருந்து எதுவும் இந்தத் தொட்டிப் பக்கமே வரக் கூடாது. கொசுப்புழுவுக்காகத் தண்ணீரில் ஊற்றும் டெமிஃபாஸ் மருந்தும் அப்படித்தான். அதற்குப் பதிலாகத் தொட்டியின் வாயை நெருக்கமான வலையால் மூடி வையுங்கள், கொசுவும் முட்டையிடாது.

கேள்வி: ஆறு வாரம் நன்றாக வளர்ந்தவை, ஒரே வாரத்தில் ஒவ்வொன்றாக இறந்துவிட்டன. நீரை ஒழுங்காக மாற்றினேன். எங்கே தவறினேன் என்று தெரியாமல் மனம் வருந்துகிறது.
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: வருந்த வேண்டாம் அம்மா, நீங்கள் எங்கும் தவறவில்லை. வெப்பமான ஊர்களின் இனங்களுக்குச் சில வாரங்கள்தான் ஆயுள். குட்டை வற்றுவதற்குள் வளர்ந்து, முட்டையிட்டு முடித்துவிட வேண்டும் என்பதே அவற்றின் வாழ்க்கைக் கணக்கு. பெண் இறாலின் கால்களுக்குப் பின்னால் தொங்கும் பையில் பழுப்பு மணிகள் திரண்டிருந்ததைக் கவனித்திருப்பீர்கள். அந்த முட்டைகள் இப்போது உங்கள் தொட்டியின் அடிமணலில் இருக்கின்றன. தயவுசெய்து மணலைக் கழுவிக் கொட்டிவிடாதீர்கள்.

நீரை மெதுவாக வடித்துவிட்டு, மணலை நிழலில் பரப்பி, ஈரம் துளியும் இல்லாதவாறு மூன்று நான்கு வாரம் காய விடுங்கள். காகித உறையிலிட்டுத் தேதி எழுதி வையுங்கள். மீண்டும் மழைநீர் ஊற்றும்போது ஒரு பகுதி மட்டுமே பொரியும். எஞ்சியவை அடுத்த முறைக்கோ அதற்கடுத்த முறைக்கோ காத்திருக்கும். முதல் மழையை நம்பி எல்லாமே பொரிந்து, குட்டை பத்தே நாளில் வற்றிவிட்டால் வம்சமே அழிந்துவிடும் அல்லவா? அதனால், முதல் முறை சிலவே வந்தாலும் அந்த மணலை மறுபடி காயவைத்துப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: கடையில் வாங்காமல் எங்கள் ஊர்க் குட்டையிலிருந்தே எடுத்து வளர்க்கலாமா?
– வாசகர், சிவகங்கை

பதில்: தாராளமாக முயலலாம். ஸ்ட்ரெப்டோசெஃபாலஸ் டைக்காட்டமஸ் என்ற இனம் நம் பக்கத்து மழைக்குட்டைகளிலேயே வாழ்கிறது; 1860-இலேயே அறிவியல் பெயர் பெற்றது. தாய்லாந்தின் வடகிழக்கில் இதன் உறவினங்களைப் பண்ணையில் வளர்த்து மீனுக்கும் கொடுக்கிறார்கள், மக்களும் உண்கிறார்கள். 2000-இல் விவரிக்கப்பட்ட ஓர் இனத்துக்கு இளவரசி சிரிந்தோர்னின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். நம்மிடமோ இதற்கு ஊரறிந்த பெயர்கூட இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கண்மாயில் மீன் இருக்கும்; அங்கே தேட வேண்டாம். ஆண்டுதோறும் முழுதாக வற்றுகிற, பூச்சிமருந்து தெளிக்கும் வயலின் வடிகால் சேராத சிறு பள்ளமாகப் பாருங்கள். கோடையில், வெடித்துக் கிடக்கும் தரையின் மேல்மண்ணை இரண்டு கைப்பிடி மட்டும் சுரண்டியெடுங்கள். ஆழத்தில் தோண்ட வேண்டியதில்லை. மழைநீரில் ஊறவைத்தால் தட்டான் புழு போன்ற வேட்டைப் பூச்சிகளும் வந்து சேரலாம். அவற்றைக் கண்டவுடன் சிறு கரண்டியால் எடுத்துவிடுங்கள். வளர்ந்தது போக மிஞ்சிய மண்ணை, எடுத்த அதே பள்ளத்தில் மழைக்கு முன் கொண்டுபோய்ப் போட்டுவிடுங்கள்.