மூன்று மா நிலமும் ஒரு ராக்கெட்டும்

கேள்வி: என் மகளுக்கு 12 வயது, ஏழாவது படிக்கிறாள். பள்ளியில் பூப்பந்து (கம்பளிப் பந்தில் ஆடும் பால் பாட்மிண்டன்) ஆடியவள், இரண்டு வருடமாக ஷட்டில் (இறகுப் பந்தில் ஆடும் பாட்மிண்டன்) ஆடுகிறாள். மாவட்டப் போட்டியில் ஒற்றையரில் முதல் பரிசு வாங்கினாள். ‘சிந்து மாதிரி வருவாள், ஐதராபாத் அகாடமியில் சேருங்கள், படிப்பைத் தபால் வழியில் பார்த்துக்கொள்ளலாம்’ என்கிறார்கள். இதற்காக மூன்று மா (சுமார் ஒரு ஏக்கர்) நிலத்தை விற்கலாமா? – ஒரு விவசாயி, வலங்கைமான்

பதில்: விற்காதீர்கள். பள்ளியையும் நிறுத்தாதீர்கள். ஆட்டத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள்.

சிந்துவைச் சொல்கிறவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள். அவருடைய தந்தை ரயில்வேயில் வேலை பார்த்தவர், இந்தியாவுக்காகக் கைப்பந்து ஆடியவர். இன்னொரு பாட்மிண்டன் நட்சத்திரமான சாய்னா நேவாலின் தந்தைக்கு ஐதராபாத்தில் வேலை. இரண்டு பெண்களுமே சிறு வயதில் வீட்டுச் சோறு சாப்பிட்டு, விடியுமுன் பயிற்சிக்குப் போய்த் திரும்பியவர்கள். 12 வயதுப் பெண்ணை மொழி தெரியாத ஊரில் விடுதியில் விடுவது வேறு விஷயம்.

வருமானத்தையும் பாருங்கள். சர்வதேசப் போட்டியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பரிசு சமம். உலகச் சுற்றின் கீழ்ப்படி ‘சூப்பர் 100’. அங்கே மொத்தப் பரிசு ஒரு லட்சம் டாலர் என்றால், ஒற்றையரில் பட்டம் வென்றவருக்கு 7,500 டாலர். முதல் சுற்றிலேயே தோற்றவர் விமானக் கட்டணத்தைக்கூட எடுக்க முடியாது. தரவரிசைக்கோ கடந்த 52 வாரங்களில் ஆடியவற்றில் சிறந்த பத்துப் போட்டிகளின் புள்ளிகளைக் கூட்டுவார்கள். ஆக, ஏறிவரும் பெண் வருடத்துக்குப் பத்துக்கு மேல் ஆட வேண்டும். ஸ்பான்சர் கிடைக்கும்வரை பயணம், விசா, தங்குமிடம் எல்லாம் வீட்டுக் காசு. பெரும்பாலானவர்களைக் காப்பாற்றுவது பரிசுப் பணம் அல்ல, வேலை: ரயில்வே, எண்ணெய் நிறுவனங்கள், வருமான வரித் துறை, தமிழக அரசின் 3 சதவீத விளையாட்டு இட ஒதுக்கீடு. இவற்றில் பதக்கத்தோடு கல்வித் தகுதியும் கேட்பார்கள். படிப்பை அரைகுறையாக விட்ட பெண்ணுக்கு முழங்கால் போனால் இரண்டு கதவும் சாத்திவிடும்.

இனி ஆட்டத்துக்கு வருவோம். பூப்பந்து தஞ்சை மண்ணில் பிறந்தது. அதை மட்டமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கம்பளிப் பந்தின் எடை 27 முதல் 30 கிராம், இறகுப் பந்து 4.74 முதல் 5.50 கிராம்தான். அங்கே பழகிய கை ராக்கெட்டை இறுகப் பிடித்து, தோளிலிருந்து முழுக் கையையும் வீசும். இங்கே பிடி தளர்ந்திருந்து, பந்து படும் நொடியில் மட்டும் இறுக வேண்டும். முன்கை சுழல வேண்டும். மகள் தோள் வலி என்று சொன்னாலோ, பின்கோட்டிலிருந்து பேக்ஹேண்டில் (புறங்கை வீச்சில்) அடித்த பந்து பாதியிலேயே விழுந்தாலோ, இந்தப் பழக்கம் போகவில்லை என்று அர்த்தம். இதை மாற்ற 12 வயது நல்ல வயது. 15 என்றால் பெரும்பாடு.

அடுத்தது நைலான் பந்து. மலிவு, நாள்பட உழைக்கும் என்று கிளப்புகளில் அதிலேயே பழக்குகிறார்கள். இறகு கிளம்பும்போது வேகம், பிறகு சட்டென்று தணிந்து செங்குத்தாக இறங்கும். நைலான் தட்டையாகப் போகும். நைலானில் வளர்ந்த பெண் மாநிலப் போட்டியில் டிராப்பை (வலையை ஒட்டி விழவைக்கும் மெல்லிய அடி) வலையில் மோதவிடுவதும், கிளியரை (எதிர்ப் பின்கோட்டுக்குத் தூக்கி அடிப்பது) பின்கோட்டுக்கு எட்டாமல் விடுவதும் இதனால்தான். வாரத்தில் மூன்று நாளாவது இறகுப் பந்து கொடுங்கள். டியூபில் 76, 77, 78 என்று எண் இருக்கும். எண் குறைந்தால் வேகம் குறைவு. சித்திரை வெயிலில் காற்று லேசாகிப் பந்து நீளப் பறக்கும், அப்போது 76 வாங்குங்கள். சோதிப்பது எளிது: பின்கோட்டில் நின்று கீழிருந்து மேலாக முழு வீச்சில் அடித்தால், எதிர்ப்பக்கப் பின்கோட்டுக்கு 53 முதல் 99 செ.மீ. உள்ளே விழ வேண்டும்.

முழங்காலைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். ரியோ ஒலிம்பிக்கில் சிந்துவை வென்று தங்கம் எடுத்த கரோலினா மரினுக்கு 2019, 2021, 2024 என மூன்று முறை முழங்கால் ஜவ்வு கிழிந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த ஆபத்து அதிகம். வலக்கை ஆட்டக்காரி பேக்ஹேண்ட் மூலையில் தலைக்கு மேல் அடித்துவிட்டு இடக்காலில் மட்டும் இறங்கும்போதுதான் பல நேரம் கிழிகிறது. ஒரு சாண் உயரப் பலகையிலிருந்து ஒற்றைக் காலில் குதிக்கச் சொல்லி முன்னால் நின்று செல்போனில் படமெடுங்கள். முட்டி உள்பக்கம் சாய்ந்தால், வாரத்துக்கு மூன்று நாள், 15 நிமிடம் இறங்கும் பயிற்சியும் பின்தொடை, இடுப்புப் பயிற்சியும் வேண்டும். சிமென்ட் தரையில் தினமும் குதிக்க வைக்காதீர்கள். ஓட்டத்துக்கான தடித்த குதிகால் ஷூவில் கணுக்கால் பிறழும். பாட்மிண்டனுக்கென்றே வரும் ரப்பர் அடி ஷூ வாங்குங்கள்.

‘வயசுக்கு வந்த பிள்ளைக்கு இன்னும் என்ன ஆட்டம்?’ என்று வீட்டில் கேட்பார்கள். அந்த நாளில் நீங்கள் அவள் பக்கம் நிற்க வேண்டும். தினமும் ஆடும் பெண்ணுக்கு மாதவிலக்கு தொடர்ந்து மூன்று மாதம் வராவிட்டால் அதை நல்லதென்று விட்டுவிடாதீர்கள். சாப்பாடு போதவில்லை என்று உடம்பு சொல்கிறது, எலும்பு பலவீனப்படும். மருத்துவரிடம் காட்டுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஹீமோகுளோபின் பாருங்கள்.

அடுத்த இரண்டு வருடம் இங்கேயே ஆடட்டும். மாவட்டச் சங்கம் மூலம் பதிவு செய்து 15 வயதுக்குட்பட்டோர் மாநிலப் போட்டிகளுக்கு அனுப்புங்கள். தஞ்சை, திருச்சியில் அவளைத் தோற்கடிக்கும் 15, 16 வயதுப் பையன்களோடு வாரம் இரண்டு நாள் மோதட்டும். மாவட்டப் பட்டத்தைவிட அந்தத் தோல்விகளில் அதிகம் கற்பாள். மே விடுமுறையில் ஒரு மாதம் மட்டும் வெளியூர் அகாடமியில் விட்டுப் பாருங்கள். ஒரு பயிற்சியாளர் எத்தனை பேரைப் பார்க்கிறார், பந்துச் செலவு கட்டணத்தில் சேர்ந்ததா, பெண்கள் விடுதிக்கு யார் பொறுப்பு என்று நேரில் கேளுங்கள். மாநில அளவில் தொடர்ந்து காலிறுதிக்குள் வர ஆரம்பித்த பிறகு இடம் மாற்றுவதைப் பற்றி மறுபடி எழுதுங்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. பிறப்புச் சான்றிதழில் இருக்கும் பெயரும் தேதியும் பள்ளிப் பதிவேட்டோடும் ஆதாரோடும் எழுத்துப் பிசகாமல் பொருந்துகிறதா என்று இந்த வாரமே பாருங்கள். வயதுப் பிரிவுப் போட்டியில் முதலில் கேட்கும் காகிதம் அதுதான்.