நகை பெட்டியிலேயே இருக்கட்டும்

பொள்ளாச்சியிலிருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம்.

மகன் கோவை வேலையை விட்டுவிட்டு, வால்பாறையில் பயணிகளுக்கு வழிகாட்டவும் காட்டுயிர்ப் படம் எடுக்கக் கற்றுத்தரவும் போவதாகச் சொல்கிறான், 600 எம்.எம். லென்ஸ் வாங்க உங்கள் நகையைக் கேட்கிறான். "இது பிழைப்பா, பொழுதுபோக்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பிழைப்புதான் அம்மா. ஆனால் அவன் தேடுகிற இடத்தில் காசு இல்லை.

படம் விற்று வீட்டு வாடகை கொடுப்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆட்களை அழைத்துப்போவதில்தான் வருமானம். வருகிறவரிடம் பெரும்பாலும் உங்கள் மகனுடையதைவிட நல்ல கேமரா இருக்கும். இருவாச்சிப் பறவை எந்த அத்திமரத்துக்குப் பழம் தின்ன வரும் என்று தெரிந்த ஆளைத்தான் அவர் தேடுகிறார். கூட்டுக் காலத்தில் பெட்டை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டிருக்கும். ஆண் பறவைதான் இரை கொண்டுவந்து சிறு துளை வழியே ஊட்டும். மரத்தடியில் பத்துப் பேர் நின்றால் அது கிட்டே வரத் தயங்கும். அப்போது, பணம் கொடுத்த பயணியிடமே "கிளம்பலாம் சார்" என்று சொல்லத் தெரிய வேண்டும். இந்தத் தொழிலில் கடினமான வேலை இதுதான் என்பேன்.

லென்ஸுக்கு அங்கே ஓர் எதிரி உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை மலையில் ஈரம் காயாது. பையிலேயே வைத்திருந்தால் கண்ணாடிக்குள் சிலந்திவலைபோலப் பூஞ்சை படரும். அதே மாதங்களில் பயணிகளும் குறைவு. பிப்ரவரி, மார்ச் என்றால் காட்டுத்தீ பயம். மலையேற்றப் பாதைகளை மூடிவிடுவார்கள். மிச்சமுள்ள மாதங்களின் வருமானத்தில்தான் ஆண்டு முழுவதும் சாப்பிட வேண்டும்.

அடுத்தது அனுமதி. வால்பாறையைச் சுற்றி ஆனைமலைப் புலிகள் காப்பகம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்துக்குள் படம் எடுக்கப் போவதற்கும் வனத்துறை அனுமதி வேண்டும். தேயிலைத் தோட்டம் என்றால் தோட்டக்காரர்களைக் கேட்க வேண்டும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு மலையேற்றத்துக்கென்று தனி விதிகளும் வந்தன. "தெரிந்த ஃபாரஸ்ட் கார்டு இருக்கிறார், பார்த்துக்கொள்ளலாம்" என்று மகன் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள்.

2024இல் அரசே 40 பாதைகளுடன் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கியது. அதில் வழிகாட்டப் பழங்குடி இளைஞர்களுக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். பிறந்து வளர்ந்த காட்டை அவர்களுக்குத் தெரியும் அளவுக்கு உங்கள் மகனுக்குத் தெரியாது. போட்டி போடுவதைவிட, அவர்களில் ஒருவருக்குச் சரியான கூலி கொடுத்துக் கூட்டுச் சேர்வது நல்லது. ஆங்கிலத்தில் பேசுவது, முன்பதிவு, கணக்கு ஆகியவற்றை இவன் பார்த்துக்கொள்ளட்டும்.

வேலையை இப்போதே விட வேண்டாம். ஓராண்டு வாரஇறுதிகளில் அனுபவமுள்ள வழிகாட்டி ஒருவரிடம் பை தூக்கட்டும். முதலுதவிப் பயிற்சி முடிக்கட்டும். லென்ஸ் தேவைப்படும் நாளில் வாடகைக்கு எடுக்கலாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மாதக் காலண்டரை அவன்முன் வையுங்கள். எந்த மாதம் எத்தனை பேர் வருவார்கள், ஜீப்புக்கும் தங்குமிடத்துக்கும் போக என்ன மிஞ்சும் என்று அவன் கையாலேயே எழுதட்டும். ஜூலைக் கட்டத்தில் என்ன எழுதுகிறான் என்று பார்த்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.