கழுவப்படும் கால்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் வங்கியில் வேலை பார்க்கிறேன். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போன மாமியாருக்கு இரவுதோறும் புண்ணைக் கழுவிக் கட்டுப்போடுவதிலேயே மாலை நேரம் போய்விடுகிறது. "ஊழியத்துக்கு வருவதில்லையே" என்று சபையில் சிலர் கேட்கும்போது குற்றவுணர்வாக இருக்கிறது. விசுவாசத்தை வாழ்ந்துகாட்ட எனக்கு நேரமே வாய்க்காதா?

ஒரு வாசகி, நாகர்கோவில்

அன்புள்ள சகோதரிக்கு,

அரசு ஊழியர் என்னும்போது அன்றாடம் வேலைக்குப் போகிறவரைச் சொல்கிறோம்; சபைக்குள் வந்ததும் அதே சொல் பிரசங்கத்துக்கும் ஜெபக்கூட்டத்துக்கும் மட்டும் உரியதாகச் சுருங்கிவிடுகிறது. வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) தன் குறிக்கோளாகக் கொண்டிருப்பது, "ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்ய" வந்த இயேசுவைப் பற்றிய வசனத்தை. 1946இல் அங்கே பணிக்கு வந்த பால் பிராண்ட், கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். தொழுநோயால் மடங்கிய விரல்களைத் தசைநாண்களை இடம்மாற்றி நிமிர்த்திய அறுவை மருத்துவராகவே அவரை நினைவுகூர்கிறோம். எனக்கோ, அந்த அறுவைக்குப் பின் நடந்தவைதான் பெரிதாகப் படுகின்றன.

விரல்கள் அழுகி உதிர்வதற்கு நோயே நேரடிக் காரணம் என்று அதுவரை நம்பியிருந்தார்கள். நரம்பு செத்து வலி தெரியாமல் போவதால், சுடுபாத்திரத்தைப் பிடித்தும் ஆணியை மிதித்தும் நோயாளிகள் தம்மை அறியாமலே காயப்பட்டுக்கொள்கிறார்கள் என்பதை அவர் கண்டுகொண்டார். சிலருடைய விரல்களை இரவில் எலி கடித்திருந்தது. உறங்கியவர்கள் விழிக்கவே இல்லை. அதற்கு பிராண்டும் உடன் பணியாற்றியவர்களும் கண்ட மருந்து, ஆளுக்கொரு பூனை! பாதங்களுக்கு மெத்தென்ற ரப்பர் அடியுள்ள செருப்பு. அதோடு தினமும் கைகால்களைத் திருப்பிப் பார்த்துக் கழுவி, சிவந்த இடம் உண்டா என்று தேடும் பழக்கம். பெயரில்லாத பலர் செய்த இந்தச் சலிப்பூட்டும் வேலை இல்லையென்றால், நிமிர்த்திய விரல்களும் நிலைத்திருக்காது.

உங்கள் மாமியாரின் பாதத்திலும் வலி தன் காவலை விட்டுவிட்டது. அந்தக் காவலை இரவுதோறும் நீங்கள்தான் செய்கிறீர்கள். பெரிய வியாழனன்று ஆலயத்தில் கழுவப்படும் பன்னிரண்டு பேரின் கால்களும் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவப்பட்டுத்தான் வருகின்றன. இயேசு தண்ணீர் வார்த்துக் கழுவியதோ, புழுதியில் நடந்து வந்தவர்களின் கால்களை. யோவான் 13ஆம் அதிகாரத்துக்கு அருகில் இருப்பது எது என்று கேட்டால், உங்கள் வீட்டில் கால் கழுவும் பேசினைத்தான் சொல்வேன்.

ஆனாலும், இந்தப் பாரம் முழுவதும் மருமகள் தலையில் விழுவதற்கு நான் வேதத்தைத் துணைக்கு அழைக்க மாட்டேன். வாரத்தில் மூன்று இரவாவது உங்கள் கணவர் கட்டுப்போடட்டும், அவருடைய தாய்தானே. ஊழியத்துக்கு ஏன் வருவதில்லை என்று கேட்பவர்களில் ஒருவரை ஒரு மாலை வீட்டுக்கு அழைத்து, விரலிடுக்குகளை எப்படித் துடைப்பது என்று காட்டிக்கொடுங்கள்.

மெத்தென்ற ரப்பர் அடியுள்ள அந்தச் செருப்பை, அதாவது எம்.சி.ஆர். செருப்பை, வாங்கியிருந்தால், மாமியாரை அதை வீட்டுக்குள்ளும் போட்டுக்கொண்டு நடக்கச் சொல்லுங்கள். போடும் முன் உள்ளே கல் ஏதும் கிடக்கிறதா என்று கைவிட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்