அமெரிக்க மாநிலத் தேர்தலில் ஒரு 'புரொபொசிஷன்' ஜெயித்தால் வரி எப்படி மாறுகிறது?

புரொபொசிஷன் என்பது மக்கள் நேரடியாக 'ஆம்', 'இல்லை' என்று வாக்களிக்கும் சட்ட முன்மொழிவு. முதலில் அதன் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசின் வருமான வரியை எந்த மாநில வாக்கெடுப்பும் தொட முடியாது. மாநில வருமான வரி, விற்பனை வரி, சொத்து வரி இவற்றைத்தான் மாற்றலாம். அதுவும் எல்லா மாநிலத்திலும் ஒரே மாதிரி இல்லை. டெக்சஸிலும் நியூ ஜெர்சியிலும் மக்கள் கையெழுத்து திரட்டித் தாங்களே சட்டம் கொண்டுவர வழியில்லை. சட்டமன்றம் முன்மொழியும் அரசியலமைப்புத் திருத்தத்துக்கு வாக்களிக்கலாம், அவ்வளவுதான். 2023 நவம்பரில் டெக்சஸில் சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் மதிப்பில் பள்ளி வரி போடாமல் விடும் தொகை 40,000 டாலரிலிருந்து 1,00,000 டாலர் ஆனது அப்படித்தான்.

கலிஃபோர்னியாவில் மக்களே தொடங்கலாம். வரைவை 2,000 டாலர் கட்டணத்தோடு அட்டர்னி ஜெனரலிடம் (மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரி) கொடுக்க வேண்டும். 30 நாள் பொதுமக்கள் கருத்துக்கு விடப்படும். பிறகு அவர் அலுவலகம் 100 வார்த்தைக்குள் தலைப்பும் சுருக்கமும் எழுதித் தரும். பலர் அதை மட்டும் படித்துவிட்டு வாக்களிப்பதால், அந்த வாசகத்துக்காகவே வழக்கு நடப்பதுண்டு. அடுத்து 180 நாளுக்குள் கையெழுத்து: சாதாரணச் சட்டம் என்றால் கடைசி ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகளில் 5%, அரசியலமைப்புத் திருத்தம் என்றால் 8%. 2022 தேர்தல் கணக்கில் இது 5,46,651, 8,74,641. பதிவு செய்த வாக்காளரின் கையெழுத்து மட்டுமே செல்லும். வரி கட்டினாலும் கிரீன் கார்டுக்காரர் கையெழுத்து கணக்கில் வராது. கவுன்டி (மாவட்டம் போன்ற பிரிவு) அலுவலகங்கள் முதலில் மாதிரி எடுத்துத்தான் சரிபார்க்கும். அதை வைத்து மதிப்பிட்ட செல்லுபடியாகும் கையெழுத்துகள் தேவையான எண்ணிக்கையில் 110%-ஐத் தாண்டினால் நேரே தகுதி, 95%-க்குக் கீழே போனால் நிராகரிப்பு, இடையில் நின்றால் ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பு. அதனால்தான் தேவைக்கு மேல் பல லட்சம் திரட்டுகிறார்கள்.

சட்டமா, அரசியலமைப்புத் திருத்தமா என்பதில்தான் பல முயற்சிகள் கவிழ்கின்றன. அரிசோனாவில் 2020-இல் ஜெயித்த புரொபொசிஷன் 208, தனிநபர் வருமானத்தில் 2,50,000 டாலருக்கு மேலுள்ள பகுதிக்குக் கல்விக்காக 3.5% கூடுதல் வரி போட்டது. அது சாதாரணச் சட்டம். பள்ளிச் செலவுக்கு அரசியலமைப்பில் ஏற்கெனவே இருந்த உச்சவரம்போடு மோதியதால் 2022-இல் நீதிமன்றத்தில் விழுந்தது. மாசசூசெட்ஸில் எல்லாருக்கும் ஒரே விகிதம் என்று அரசியலமைப்பே சொல்வதால், திருத்தம் தவிர வேறு வழியில்லை. கையெழுத்து வழியில் வந்த திருத்தத்தை, தொடர்பில்லாத விஷயங்களை ஒன்றாகக் கட்டியதாகச் சொல்லி 2018-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் தள்ளியது. அதன்பின் சட்டமன்றமே அடுத்தடுத்த இரு அவைக்காலங்களில் நிறைவேற்றி, 2022-இல் மக்களும் ஏற்றார்கள். 2023-இல் 10 லட்சம் டாலருக்கு மேலுள்ள வருமானத்துக்கு 5%-உடன் இன்னும் 4% வந்தது.

இனி பெரிய விஷயம்: 1978 ஜூனில் கலிஃபோர்னியாவில் ஜெயித்த புரொபொசிஷன் 13. சொத்து வரிக்கு உச்சவரம்பு மதிப்பில் 1%. அந்த மதிப்பை 1975-76 நிலைக்குப் பின்னோக்கி இழுத்தது. அதன்பின் ஆண்டுக்கு 2%-க்கு மேல் ஏறக் கூடாது. கைமாறும்போதோ புதிதாகக் கட்டும்போதோ மட்டும் சந்தை மதிப்புக்கு வரும். கணக்கு போட்டுப் பாருங்கள். 1975-இல் 80,000 டாலர் பெற்ற வீடு, முழு 2% ஏறினாலும் 45 ஆண்டில் 1,95,000 டாலர்தான். வரி சுமார் 1,950. பக்கத்தில் அதே அளவு வீட்டை 2020-இல் 15 லட்சத்துக்கு வாங்கியவருக்கு 15,000 டாலர், உள்ளூர்க் கடன் பத்திர வரி தனி. இது சமத்துவத்துக்கு விரோதம் என்று போன வழக்கை 1992-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

எல்லாரும் 1%-ஐப் பேசுவார்கள். என் கணிப்பில் அதைவிடக் கனமானது, மாநில வரியை உயர்த்த சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று அதே புரொபொசிஷனில் இருந்த விதிதான். வேடிக்கை, புரொபொசிஷன் 13-க்குக் கிடைத்த வாக்கே மூன்றில் இரண்டு பங்கை எட்டவில்லை. உள்ளூரில் குறிப்பிட்ட செலவுக்கென்று போடும் வரிக்கும் வாக்காளரில் மூன்றில் இரண்டு பங்கு தேவை. ஆனால் 2017-இல் வந்த மாநில உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின், அதே வரியை மக்கள் கையெழுத்து திரட்டிக் கொண்டுவந்தால் பாதிக்கு மேல் போதும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. இதனால், யார் முன்மொழிகிறார் என்பதே சில ஊர்களில் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கிறது.

வணிகச் சொத்துகளை மட்டும் புரொபொசிஷன் 13-இன் சொத்து வரி வரம்பிலிருந்து வெளியே எடுக்க 2020-இல் வந்த புரொபொசிஷன் 15 குறைந்த வித்தியாசத்தில் தோற்றது. அதே தேர்தலில் புரொபொசிஷன் 19 ஜெயித்ததை நிறையப் பேர் கவனிக்கவில்லை. அதன்படி, பெற்றோர் வீட்டைப் பழைய வரி மதிப்போடு பிள்ளைகள் பெற, 2021 பிப்ரவரி 16 முதல் அது பெற்றோர் குடியிருந்த வீடாக இருந்து, பிள்ளையும் ஓராண்டுக்குள் அங்கே குடியேறி விலக்குக்கு விண்ணப்பிக்க வேண்டும். சலுகைக்கும் உச்சவரம்பு உண்டு. வாடகைக்கு விட்டால் முழு மறுமதிப்பீடுதான்.

வாக்குச்சீட்டு கையில் வந்ததும் முதலில் 'ஆம்' என்றால் என்ன நடக்கும் என்று பாருங்கள். 2024-இல் வாஷிங்டனில் மூலதன ஆதாய வரி (பங்கு போன்றவற்றை விற்ற லாபத்துக்கான வரி) பற்றி வந்த கேள்விக்கு 'ஆம்' என்றால் வரி ரத்து, 'இல்லை' என்றால் வரி தொடரும். 'இல்லை' ஜெயித்து வரி தங்கியது. கலிஃபோர்னியாவில் வீட்டுக்கே வரும் வாக்காளர் கையேட்டில், இரு தரப்பு வாதங்களைவிட சட்டமன்ற ஆய்வாளர் எழுதும் வரவுசெலவு மதிப்பீட்டை முதலில் படியுங்கள்.