நாவல் எழுதி முடித்துவிட்டேன். பதிப்பகத்தின் பதிலுக்குக் காத்திருக்கலாமா, நானே மின்னூலாகப் போட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன். எங்கே வெளியிடுவது என்ற எண்ணம் எழுதும்போதே மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டதுதான் எனக்கு வினையாயிற்று.

சந்தா கட்டி மின்னூல் படிக்கும் அமேசான் சேவையான கிண்டில் அன்லிமிடெட் 2014இல் வந்தபோது, வாசகர் நூலில் 10 சதவீதம் தாண்டினாலே எழுதியவருக்குப் பணம். குட்டிக் கதைக்கும் 500 பக்க நாவலுக்கும் ஒரே தொகை. பார்த்தார்கள், நாவலைத் துண்டு துண்டாக நறுக்கி ஏற்றினார்கள். 2015 ஜூலையில், படித்த பக்கத்துக்குத்தான் காசு என்று கணக்கு மாறியது. மெலிந்த கதைகள் ஊதத் தொடங்கின. (இது நம் காலத்துப் புதுநோய் இல்லை. டிக்கன்ஸ் 1836இல் மாதப் பகுதிகளாக எழுதியபோதும் பக்கக் கணக்கு முன்பே முடிவானதுதான்.)

நானும் ஊதினேன். பக்கக் கணக்கில் காசு தரும் ஒரு சந்தா தளத்துக்காக இரண்டாவது நாவலை எழுதினேன். நாயகி கதவைத் திறக்கவே மூன்று பக்கம். அத்தியாயம் முடிகிறதென்றால் யாராவது அலறுவார்கள், இல்லையென்றால் போன் அடிக்கும். பிறகு அதையே ஒரு சிறு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். ஏழு மாதம் மூச்சுப் பேச்சில்லை. அப்புறம் எடிட்டர் கூப்பிட்டு, “போன் அடிக்கிற இடத்தையெல்லாம் எடுத்துட்டுப் படிச்சுப் பாருங்க சார்” என்றார். 60 பக்கம் போயிற்று. கதைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் வலித்தது.

மின்னூல் வேண்டாம் என்று சொல்லவில்லை. காத்திருப்பு இல்லை, பிழை கண்டால் உடனே திருத்தலாம், ராயல்டி விகிதமும் கூடுதல். ஆனால் கிண்டில் அன்லிமிடெட்டில் சேர்த்தால் 90 நாளைக்கு மின்வடிவத்தை வேறெங்கும் தரக் கூடாது, சொந்த வலைப்பூவில்கூட. அச்சு நூலுக்கு இந்தக் கட்டு இல்லை. 90 நாள் முடிந்ததும் தானாகப் புதுப்பிக்கும் வசதியை மறக்காமல் அணைத்துவிடுங்கள்.

வேகமாக எழுதித் தள்ளி ஜெயிக்கலாம் என்ற ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள். இயந்திரம் எழுதிய நூல்கள் பற்றிய கவலை பெருகிய 2023இல், ஒருவர் நாளொன்றுக்கு மூன்று புது நூல்கள்தான் ஏற்றலாம் என்று அமேசான் வரம்பு வைத்தது. நாளுக்கு மூன்று! நமக்கு ஒரு அத்தியாயமே நகர மாட்டேன் என்கிறது.

முதலில், உங்களைப் புகழ வேண்டிய அவசியம் இல்லாத இரண்டு பேரிடம் பிரதியைக் கொடுங்கள். பிடித்ததா என்று கேட்காதீர்கள். எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள் என்று கேளுங்கள். என் நாவலுக்கு இருவருமே 41 என்றார்கள். கதவு திறக்கும் இடம்.